ஜலதோஷம் இல்லாத வீடு

அன்புச் சிட்டுவுக்கு,

உன் அண்ணி, அடைப்பில்லாத மூக்கோடு எழுதும் கடிதம். கடவுள் தயவில் இன்றைக்கு இந்த வீட்டில் யாருக்கும் தும்மல் இல்லை. போன வாரம் வரைக்கும் இப்படி ஒரு வரியை எழுத எனக்கு யோக்கியதை இருக்கவில்லை. பதில் தாமதமானதற்கு அதுதான் காரணம்.

உன் கடிதத்தைப் பிரித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, டீ நேரத்தில். அப்போது சமையலறை மேசையைச் சுற்றி யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பின்னால் வருகிற கூத்துக்கு எல்லோரும் வேண்டும். ஜன்னலோரம் உன் அம்மா, மடியில் உரித்த பூண்டுக் கிண்ணத்தோடு. அவருக்கு எதிரே உன் அண்ணன். (இப்போதெல்லாம் இடது விலாவில் கையை வைத்துக்கொண்டு உட்காருவதில்லை. எல்லோரையும் போலத்தான் உட்காருகிறார். நீ கேட்கமாட்டாய், அதனால் நானே சொல்கிறேன்.) அடுப்புப் பக்கம் என் மகள், உன் அருமை மருமகள். விதைச் சோதனைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல், மழை வரும் போலிருக்கிறதே என்று சொன்னால்கூட ஆதாரம் கேட்கிறாள். கதவோரம் மாடியில் குடியிருக்கும் பேக்கரிக்காரர். நீ அவரைப் பார்த்ததில்லை. விடிய விடிய ரொட்டி சுட்டுவிட்டு, தூங்கப் போகும் முன் எங்களோடு ஒரு டீ குடித்துவிட்டுப் போவார். ஐந்தாவது ஆள் நான், கெட்டிலோடு நின்றுகொண்டிருந்தேன்.

மகள்தான் உரக்கப் படித்தாள். இந்த வருஷமும் லீவுக்கு நான் வரலை அண்ணி, ஆபரேஷன் ஆன உடம்பு, ஜலதோஷம் ஒட்டிக்காம பார்த்துக்கோன்னு டாக்டர் சொல்லியிருக்கார், உங்க வீட்டுலதான் எப்பவும் யாராவது ஒருத்தர் மூக்கை உறிஞ்சிக்கிட்டு இருப்பீங்களே என்று நீ எழுதியிருந்த இடம் வந்தது. அந்த நேரம் பார்த்து பேக்கரிக்காரர் தும்மினார். ஒன்றல்ல, மூன்று. நேரம் பார்த்துத் தும்மறதுக்குன்னே உங்களை வாடகைக்கு வெச்சிருக்கோமா என்று உன் அம்மா அவரைப் பிடித்துக்கொண்டார். பாவம், அது மாவுத் தூசித் தும்மல். எல்லோரும் சிரித்தோம்.

உன் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. சரியாத்தானே எழுதியிருக்கா என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தால், ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக, தெருவோரம் நிறுத்தியிருந்த, தான் ஓட்டும் பள்ளிக்கூட பஸ்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு ஸீட்டின் கைப்பிடியாக, சோப்புத் தண்ணீர் தொட்டு.

சிட்டு, நீ சொன்ன காரணம் எனக்குப் பிடித்திருந்தது. வர இஷ்டமில்லை என்று எழுதியிருந்தால் நான் என்ன செய்ய முடியும்? ஜலதோஷம் என்றால் அது ஒரு பொருள் மாதிரி. எங்கே இருந்து வருகிறது, எப்படித் தடுப்பது என்று தேடலாம், கண்டுபிடிக்கலாம். காரணத்தை அப்புறப்படுத்திவிட்டால் நீ வந்துதானே ஆக வேண்டும்?

யோசித்துப் பார்த்தேன். இந்த வீட்டில் ஆளுக்கொரு மருந்து இருக்கிறது. ஆளுக்கொரு ஜலதோஷமும் இருக்கிறது. உன் அம்மாவுக்குத் தேனில் ஊறிய பூண்டு. உன் அண்ணனுக்குத் தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் ஆரஞ்சு நிற வைட்டமின் சி. மகளுக்குத் துத்தநாக மாத்திரை. பேக்கரிக்காரருக்கு யூகலிப்டஸ் தைலம் விட்ட ஆவி. எனக்கு உப்புத் தண்ணீர் கொப்பளிப்பு. அவரவர் மருந்துதான் அவரவரைக் காப்பாற்றுகிறது என்று அவரவர் நம்புகிறோம். ஜலதோஷம் வந்தால், இது இல்லேன்னா இன்னும் மோசமா வந்திருக்கும் என்கிறோம். வராவிட்டால், பார்த்தியா என்கிறோம். எப்படிப் போட்டாலும் மருந்து ஜெயிக்கிற மாதிரிதான் நம் கணக்கு. எனக்கு வீட்டுக் கணக்கு எழுதிப் பழக்கம். வரவு மட்டுமே இருந்து செலவே இல்லாத கணக்கைப் பார்த்தால் சந்தேகம் வந்துவிடும்.

நூலகத்துக்குப் போனேன். ஆரோக்கியப் புத்தகங்கள் இருக்கும் அலமாரிக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து, புரியாத சொல்லுக்கு அகராதியையும் மடியில் வைத்துக்கொண்டு படித்தேன். உள்ளதைச் சொல்கிறேன், ஏமாற்றமாகத்தான் இருந்தது. வைட்டமின் சி-யைத் தினமும் விழுங்கினாலும் நம்மைப் போன்ற சாதாரண ஆட்களுக்கு ஜலதோஷம் வருகிற தடவை குறைவதில்லையாம். வந்தால் கொஞ்சம் சீக்கிரம் போகலாமாம். துத்தநாகம் ஒருவேளை சீக்கிரம் போக வைக்கலாம், ஆனால் வயிற்றைப் பிரட்டும். பூண்டைப் பற்றி நம்புகிற அளவுக்கு யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. ஆவி, மூக்குக்கு இதம், அவ்வளவுதான். நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல உன் அம்மாவுக்குக் கோபம் ஏறியது. அந்தப் புஸ்தகத்தை எழுதினவன் பூண்டு உரிச்சிருக்கானா, கேட்டுட்டு வா என்றார்.

அப்போதுதான் மகள் ஒரு யோசனை சொன்னாள். அவள் சோதனைக்கூடத்தில் ஒரே விதையை இரண்டு தட்டில் போடுவார்களாம். ஒரு தட்டுக்கு மருந்து, ஒரு தட்டுக்கு வெறும் தண்ணீர். எது நன்றாக முளைக்கிறதோ அதை வைத்துச் சொல்வார்களாம். நாமும் இரண்டு தட்டாகப் பிரிவோம் என்றாள். நாலே பேரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாதும்மா, ஆனா சும்மா சண்டை போடுறதுக்கு இது மேல் என்றும் சொன்னாள். சீட்டுக் குலுக்கிப் போட்டோம். மருந்துத் தட்டில் உன் அண்ணனும் மகளும் விழுந்தார்கள். அவர்கள் வைட்டமின், துத்தநாகம், பூண்டு, ஆவி எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். வெறும் தட்டில் உன் அம்மாவும் பேக்கரிக்காரரும். அவர்கள் எதையும் தொடக்கூடாது. கணக்கு எழுதுகிறவள் ஆட்டத்தில் சேரக்கூடாது என்று என்னை நடுவில் நிறுத்திவிட்டார்கள்.

இந்த வயசுல என்னை வெறும் தட்டுன்னு சொல்றீங்களே, நல்லா இருப்பீங்களா என்று உன் அம்மா ஒரு பாட்டம் அழாத குறையாகக் கேட்டார்.

எனக்கும் ஒரு சந்தேகம். நான் காலையில் எழுந்ததும் வீட்டில் உள்ளவர்கள் எல்லோருக்காகவும் பிரார்த்தனை செய்கிறவள். அது எந்தத் தட்டில் சேரும்? மகளிடம் கேட்டேன். நீ ரெண்டு தட்டுக்கும் சமமாத்தானே வேண்டிக்கிறே, அதனால அது கணக்குல வராது என்றாள். அது சரி என்று பட்டது. ஆனாலும் பல் தேய்க்கும்போது நினைத்துக்கொண்டேன்: சமமாகத்தான் வேண்டுகிறேனா? உன் பெயர் வரும்போது கொஞ்ச நேரம் கூடுதலாக நிற்கிறேனே. நீ எந்தத் தட்டிலும் இல்லை என்று சமாதானம் செய்துகொண்டேன்.

கொஞ்ச நாள் எல்லாம் ஒழுங்காக நடந்த மாதிரி இருந்தது. யாருக்கும் தும்மல் இல்லை. எனக்கு உள்ளூர ஒரே ஆர்வம். காலையில் ஒவ்வொருவர் முகத்தையும் உற்று உற்றுப் பார்ப்பேன். என்னம்மா, பால் பொங்கப் போகுதான்னு பார்க்கிற மாதிரி பார்க்கறே என்று மகள் கேலி செய்தாள்.

முதலில் பிடிபட்டது உன் அம்மா. அவர் வெறும் தட்டு. ஒரு மத்தியானம் அவர் பக்கத்தில் போய்க் குனிந்தேன், பூண்டு வாடை ஆளைத் தூக்கியது. கேட்டால், நான் சாப்பிடலை, ஊறிடுச்சான்னு மோந்து பார்த்தேன் என்றார். மோந்து பார்த்தால் வாயிலிருந்து எப்படி வாடை வரும் என்று கேட்டேன். மோந்து பார்க்கும்போது வாயைத் திறந்துட்டேன் என்றார். ஜாடியைப் பார்த்தேன், பாதிக்குமேல் காலி.

அடுத்து பேக்கரிக்காரர். அவரும் வெறும் தட்டுதான். வீட்டில் நான் கண்கொத்திப் பாம்பாக இருக்கிறேன் என்று பேக்கரியில் மருந்து எடுத்திருக்கிறார் மனுஷர். மாவு உப்புவதற்கு அங்கே நீராவி விட்ட ஒரு சின்ன அறை உண்டாம். அதில் நின்று மூச்சு இழுத்தால் இரண்டு வேலையும் முடியும் என்று, தண்ணீரில் யூகலிப்டஸ் தைலத்தை ஊற்றிவிட்டார். மறுநாள் அத்தனை பன்னிலும் தைல வாசனை. முதலாளி கத்தின கத்தலில் தெருவே எழுந்துவிட்டதாம். ஒரு கிழவர் மட்டும், இது எனக்கு நெஞ்சுக்கு நல்லா இருக்கு, நாளைக்கும் கிடைக்குமா என்று கேட்டு வாங்கிப்போனாராம். இதைச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நின்றார், வகுப்பில் மாட்டிக்கொண்ட பையன் மாதிரி.

வெறும் தட்டுதான் இப்படி, மருந்துத் தட்டாவது ஒழுங்கா என்று கேட்காதே. மகளுக்குத் துத்தநாகம் வயிற்றைப் பிரட்ட, இரண்டாம் நாளே நிறுத்திவிட்டு மாத்திரையைத் தொட்டிச் செடிக்குள் புதைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஆதாரம் கேட்கிற பெண்! உன் அண்ணனோ தன் பங்கு வைட்டமினைத் தினமும் உன் அம்மா குடிக்கிற எலுமிச்சைத் தண்ணீரில் போட்டுவிட்டு, தான் வெறும் வாயோடு பஸ்ஸுக்குப் போயிருக்கிறார். இன்னைக்கு எலுமிச்சம்பழம் ஏன் நுரைக்குதுன்னு நானும் யோசிச்சேன் என்கிறார் உன் அம்மா, அப்பாவி மாதிரி.

ஆகக்கூடி மருந்துத் தட்டு மருந்து சாப்பிடவில்லை, வெறும் தட்டுதான் வளைத்து வளைத்துச் சாப்பிட்டிருக்கிறது. உலகத்தில் எந்தச் சோதனைக்கூடத்திலும் விதைகள் இப்படித் தட்டு மாறியிருக்காது என்று மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

நால்வரையும் மேசையில் உட்கார வைத்து, ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். எனக்குச் சளி பிடிச்சா அவ வரமாட்டாளே என்றார் உன் அம்மா. அம்மாவுக்கு வந்துட்டா அவ வரமாட்டாளேன்னுதான் என்றார் உன் அண்ணன். பேக்கரிக்காரர் தயங்கித் தயங்கி, நான் வெளி ஆளு, என்னால உங்க வீட்டுப் பொண்ணு வராம போயிட்டா அந்தப் பேச்சு எனக்கு வேண்டாங்க என்றார். உன்னைப் பார்த்துக்கூட இராதவர் அவர்.

அதற்குப் பிறகு சோதனையாவது ஒன்றாவது! எல்லோரும் எல்லாவற்றையும் செய்வோம் என்று முடிவானது. இங்கேதான் என் சாமர்த்தியம் உள்ளே வருகிறது. ஐந்து தடவை வெந்நீர் வைத்தால் கேஸ் என்னத்துக்காகும்? ஒரே பானை, ஒரே பெரிய துண்டு. ஒருவர் தலையைப் போர்த்தி ஆவி பிடித்து முடித்ததும், சூடு ஆறுவதற்குள் அடுத்தவர். துண்டை உதறக்கூட விடமாட்டேன், உள்ளே இருக்கிற சூடு வீணாகுமாம். ஆவி முடிந்ததும் ஜாடியிலிருந்து தேன் பூண்டு, வரிசையாக நிற்க வைத்து என் கையாலேயே ஆளுக்கு ஒரு ஸ்பூன். ஒரே ஸ்பூன். ஒன்றுக்கு ஐந்தாக யார் கழுவுவது?

அந்த வாரமே ஐந்து பேருக்கும் ஜலதோஷம். ஒருவர்கூடத் தப்பவில்லை. நடுவில் நின்ற நானும் விழுந்தேன். வீட்டில் ஒரு அறையிலிருந்து தும்மல் கேட்டால் இன்னொரு அறையிலிருந்து பதில் வரும்.

படுத்துக்கொண்டு யோசித்தபோது எனக்கு வருத்தத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். யாரிடமிருந்து யாருக்கு எப்படிப் போயிருக்கும்? முதலில் மூக்கு ஒழுகியது உன் அண்ணனுக்கு. பஸ்ஸில் முப்பது குழந்தைகள், முப்பது மூக்கு. சரி, அது அவர் வேலை. ஆனால் மறுநாள் மறுநாளாக நாங்கள் எந்த வரிசையில் விழுந்தோம் என்று எண்ணிப் பார்த்தேன். ஆவி பிடித்த அதே வரிசை! அவருக்குப் பின் உன் அம்மா, பின் மகள், பின் பேக்கரிக்காரர், கடைசியில் நான். எழுந்து போய்க் கொடியில் தொங்கிய துண்டைப் பார்த்தேன். நடுவில் ஐந்து மூக்கும் ஒத்திய இடம் கஞ்சி போட்ட மாதிரி விறைத்திருந்தது. துண்டா, ஸ்பூனா, அல்லது ஒரே மேசையில் முகத்துக்கு முகம் பேசியதா, அடித்துச் சொல்ல முடியாது என்கிறாள் மகள். இருக்கட்டும். தடுப்பதற்கென்று நாங்கள் செய்ததைவிட ஒழுங்காக, வரிசையாக, மிச்சம் வைக்காமல் ஜலதோஷத்தைப் பரிமாற வேறு வழி இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தனியாகச் சிரித்தேன். சிரித்தால் இருமல் வந்தது.

இத்தனைக்கும் நடுவில் உன் அண்ணன் உனக்கு ஒரு பார்சல் கட்டிக்கொண்டிருந்தார். எங்களுக்குப் பலிக்காவிட்டால் என்ன, அவளுக்காவது பலிக்கட்டும் என்று. வைட்டமின் டப்பா, துத்தநாகம், உன் அம்மா புதிதாக ஊறப்போட்ட பூண்டுத் தேன், அப்புறம் கடைக்காரர் புகழ்ந்து தள்ளிய, எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் மூலிகைச் சொட்டு. பஞ்சு வைத்து, அட்டை வைத்து, அவர் பஸ்ஸைக்கூட அவ்வளவு பக்குவமாக நிறுத்தமாட்டார்.

எனக்கு ஏனோ மனம் ஒப்பவில்லை. நூலகத்தில் படித்ததில் ஒரு வரி உறுத்திக்கொண்டே இருந்தது: வேறு மருந்து சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளவும். எல்லாப் புத்தகத்திலும் சின்ன எழுத்தில் இருக்கும் வரிதான். உன் ஆஸ்பத்திரியில் அந்த வாரங்களில் நமக்குப் பழக்கமான நர்ஸின் நம்பர் என்னிடம் இருந்தது. பெட்டியைத் தபாலில் போடும் முன் கூப்பிட்டேன். ஒவ்வொரு பெயராகச் சொன்னேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நர்ஸ் சொன்னார்: அம்மா, அவங்க எதிர்ப்புச் சக்தியை நாங்க மாத்திரை கொடுத்துத் தூங்க வெச்சிருக்கோம், நீங்க தட்டி எழுப்பப் பார்க்கிறீங்களே! அது எழுந்தா முதல்ல யார் மேல பாயும் தெரியுமா? ஜலதோஷத்து மேல இல்லை. உங்க வீட்டுக்காரர் கொடுத்தாரே, அந்த சிறுநீரகத்து மேலதான். அது அவங்க உடம்புக்கு இன்னும் வெளி ஆள்தான். இந்தச் சொட்டும் மூலிகையும் அவங்க மருந்தோட அளவையே ஏத்தி இறக்கிடும். சமையல்ல போடுற பூண்டு வேற, மருந்தாத் தின்கிற பூண்டு வேற. டாக்டரைக் கேட்காம ஒரு வைட்டமின்கூட வேண்டாம்.

போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பயத்தோடு ஒரு வியப்பும். உடம்பு பலமாக இருக்க வேண்டும் என்று உலகமே மருந்து தேடுகிறது. உன் உடம்பை மட்டும் கொஞ்சம் அசந்திருக்கச் சொல்லி, அந்த அசதியில் ஒரு புதியவரைக் குடியிருக்க விட்டிருக்கிறார்கள். படைத்தவன் உடம்புக்கு இத்தனை கோபத்தை ஏன் வைத்தான், அதைத் தூங்க வைக்கும் அறிவை மனிதனுக்கு ஏன் கொடுத்தான், அன்று பூராவும் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

உன் அண்ணனிடம் சொன்னேன். அவர் பெட்டியைப் பிரித்து, உள்ளே வைத்ததையெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து மேசையில் வைத்தார். அப்போ அவளுக்கு நான் ஒண்ணுமே அனுப்ப முடியாதா என்றார். உன் அம்மா சட்டென்று, அனுப்ப வேண்டியதை அனுப்பியாச்சுடா, மிச்சம் இருக்கிறதை நீ வெச்சுக்க, உனக்கும் ஒண்ணு வேணும்ல என்றார். உன் அண்ணன் சிரித்துவிட்டார். ஆபரேஷனுக்குப் பிறகு அதைப் பற்றி இந்த வீட்டில் யாராவது சிரித்தது அன்றைக்குத்தான்.

நீ வந்தால் நாங்கள் என்னதான் செய்ய வேண்டும் என்றும் நர்ஸிடம் கேட்டேன், அவர் சொன்னதில் ஒன்றுகூட ஜாடியில் அடைக்கிற சரக்கு இல்லை. சோப்புப் போட்டுக் கை கழுவு, ஜன்னலைத் திறந்து வை, துண்டும் தம்ளரும் ஆளுக்கு ஒன்று, சளி பிடித்தவர் அவளிடமிருந்து விலகி இருக்கட்டும், தேவைப்பட்டால் முகக்கவசம். சாதாரண ஜலதோஷத்துக்கு ஊசி கிடையாது, ஆனால் பெரிய ஃப்ளூ காய்ச்சலுக்கு உண்டு, அதை வீட்டில் எல்லோரும் போட்டுக்கொள்ளலாம் என்றார். போட்டுக்கொண்டோம். பெத்ததுக்கு ஊசி, வளர்த்ததுக்கு ஊசி, இப்ப வான்னு கூப்பிடுறதுக்கும் ஊசியா என்று உன் அம்மா சுகாதார நிலையத்தில் எல்லோரும் கேட்கச் சொன்னார். ஆனால் கையை முதலில் நீட்டியவர் அவர்தான்.

இப்போது குளியலறைச் சுவரில் ஐந்து ஆணி, ஐந்து நிறத் துண்டு. ஆறாவதாக ஒரு ஆணியும் அடித்தாயிற்று. வாசல் குழாயடியில் சோப்பு. உன் அண்ணன் பஸ்ஸில் ஜன்னல்களைத் திறந்துவிட்டு ஓட்டுகிறார். பிள்ளைகளின் தலை கலைகிறது என்று தாய்மார்கள் சண்டைக்கு வருகிறார்கள். மகள் தன் அறையை உனக்கு விட்டுவிட்டாள், முற்றத்தைப் பார்த்த ஜன்னல், தனிக் குழாய் இருக்கிற அறை. இவ்வளவும் செய்த பிறகும் உனக்கு உண்மையைத்தான் எழுத வேண்டும்: ஜலதோஷமே இல்லாத வீடு என்று ஒன்றை என்னால் உண்டாக்க முடியவில்லை. தேடிப் பார்த்துவிட்டேன், அப்படி ஒரு வீடு இருக்கிற மாதிரி தெரியவில்லை.

இதற்கு மேல் எழுதலாமா என்று பேனாவை மூடி வைத்தேன். மறுபடி திறந்துவிட்டேன்.

நீ திரும்ப வேலைக்குப் போய்விட்டாய் என்று மகளிடம் போனில் சொன்னாயாம். மின்கட்டணக் கவுண்டரில் இப்போது இரட்டை வரிசை, கண்ணாடி ஓட்டை வழியாகத்தான் எல்லோரும் இருமுகிறார்கள், நான் முகக்கவசத்தைப் போட்டுக்கொண்டு பில்லை வாங்கிப்போட்டுக்கொண்டே இருக்கிறேன் என்று சிரித்தாயாம். அவள் அதை வேடிக்கையாகத்தான் சொன்னாள். எனக்கு அன்றைக்கு முழுதும் வேலை ஓடவில்லை. ஊரே வந்து இருமுகிற இடத்தில் உட்கார முடிகிற உனக்கு, ஐந்து பேர் இருக்கும் வீட்டில் மட்டும் ஜலதோஷத்துக்குப் பயமா?

கோபித்துக்கொண்டு கேட்கவில்லை, சிட்டு. தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். ஆஸ்பத்திரியில் உன் அண்ணனைச் சக்கர நாற்காலியில் உன் அறைக்குத் தள்ளிக்கொண்டு வந்தபோது, நீ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். வலியாக்கும் என்று நினைத்தோம். வீட்டுக்குத் திரும்பிய பிறகு அவர் போனில் பேசினால் நல்லா இருக்கேண்ணா, அம்மாகிட்ட கொடு என்று முடித்துவிடுகிறாய். முன்பெல்லாம் அவர் தலையில் நரை விழுந்த அன்றுகூட ஒரு மணி நேரம் கிண்டல் செய்தவள் நீ. வாங்கிக்கொண்டவள் எந்த முகத்தோடு வந்து நிற்பது என்று நினைக்கிறாயோ? அப்படி இருந்தால், ஒன்று சொல்கிறேன். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நான் உட்கார்ந்திருந்தபோது அவருக்கென்று ஒரு பிரார்த்தனை, உனக்கென்று ஒரு பிரார்த்தனை என்று பிரிக்கத் தெரியாமல்தான் உட்கார்ந்திருந்தேன். இன்றைக்கும் எனக்கு அது பிரிக்கத் தெரியவில்லை. எங்களில் யாருக்குமே தெரியவில்லை.

அவருக்கு உன்னிடம் கேட்க ஒரே கேள்விதான் இருக்கிறது. வேறு யாரிடமும் கேட்க முடியாததால் என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார். நம்மளது புகுந்த வீட்டுல ஒழுங்கா வேலை பார்க்குதா, இல்லை என்னை மாதிரியே சோம்பேறியா இருக்கா? எனக்கு எப்படித் தெரியும், போய் அவளையே கேளுங்க என்கிறேன். வரட்டும், நேர்லயே கேட்டுக்கிறேன் என்கிறார்.

நீ வருகிறாய் என்றால் ஒரே ஒரு நிபந்தனை வைத்திருக்கிறோம், எல்லோரும் ஒப்புக்கொண்டாயிற்று. நீ இருக்கும் நாட்களில் யாருக்குத் தும்மல் வந்தாலும் அவர் மூட்டையைக் கட்டிக்கொண்டு மாடிக்குப் போய்விட வேண்டும்; பேக்கரிக்காரர் அவருக்குத் தன் முன்னறையைக் கொடுப்பார். தும்முவது பேக்கரிக்காரராக இருந்தால் அவர் கீழே இறங்கவே கூடாது. எங்களில் பஸ் ஓட்டுகிறவருக்குத்தான் வர அதிக வாய்ப்பு என்று மகள் சொன்னாள். உன் அண்ணன் கொஞ்சம் யோசித்தார். அதனால என்ன, மாடி ஜன்னல்லேர்ந்து பார்த்தா முற்றம் நல்லாத் தெரியும், அவ அங்கே உட்காருவால்ல, நான் மேலேர்ந்து பார்த்துக்கிறேன் என்றார். நேற்று மாலை மாடிக்கு ஏறி, அந்த ஜன்னலை மறைத்துக்கொண்டிருந்த கொடிக்கம்பியைக் கழற்றிவிட்டு வந்தார்.

கடவுள் உன்னையும் உன்னோடு குடியிருப்பதையும் ஒன்றாகக் காப்பாற்றட்டும். மாத்திரைகளை நேரம் தவறாமல் போட்டுக்கொள். உன் டாக்டரிடம் பயணத்துக்குச் சம்மதம் கேள்.

வருகிறாய் என்றால் தேதியை மட்டும் எழுது. வரவில்லை என்றால் ஜலதோஷத்தைச் சொல்லாமல் வேறு எதுவாக இருந்தாலும் அதை எழுது. எதுவானாலும் சீக்கிரம் பதில் போடு.

இப்படிக்கு,
உன் அண்ணி